மேஜையில் மறந்த போன்

அன்புள்ள மகள் வாலுவுக்கு,

நானும் உன் அப்பாவும் இங்கே நலமாக இருக்கிறோம். உன் நலத்தை வாரம் தவறாமல் உன் குரலிலேயே தெரிந்துகொள்கிறேன் என்றாலும், காகிதத்தில் ஒரு தடவை கேட்டால்தான் எனக்குக் கேட்ட மாதிரி இருக்கிறது. நலம்தானே? வேளைக்குச் சாப்பிடுகிறாயா, அல்லது நின்றுகொண்டே எதையாவது வாயில் போட்டுக்கொண்டு ஓடுகிறாயா? கையில் போன் இருக்கும்போது இந்த அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நீ சிரிப்பது எனக்குத் தெரிகிறது. சிரித்துக்கொள். நீ வாங்கி அனுப்பிய காது மெஷின் வந்ததிலிருந்து இந்த வீட்டில் போனில் ஒரு ரகசியம் பேச வழியில்லை, எல்லாம் நேராக உன் அப்பாவின் காதுக்குள் போய் இறங்கிவிடுகிறது. அவருக்குத் தெரியாமல் உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். அதனால்தான் பேனாவைப் பிடித்திருக்கிறேன், கை வலிக்கிறது, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

முதலில் மெஷின் கதையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சொல்ல வேண்டிய மற்றதெல்லாம் அதிலிருந்துதான் கிளைவிட்டது. காது மெஷின் கடையில் இருக்கும் பெண்ணுக்கு உன் வயதுதான் இருக்கும், வாயில் எதையோ மென்றுகொண்டே வேலை செய்கிறாள், ஆனால் கை அத்தனை சுத்தம். மெஷின் இரண்டையும் மெல்லிய வயரால் கம்ப்யூட்டரில் கோத்து, உன் அப்பாவின் காதைப் பரிசோதித்த கோட்டைத் திரையில் வரவழைத்தாள். நேராகப் போய்க்கொண்டிருந்த கோடு ஓரிடத்தில் பள்ளத்தில் விழுந்து கொஞ்சம் மேலேறியது. "பாத்தீங்களாம்மா, வயசான காதுன்னா கடைசி வரைக்கும் சரிஞ்சுக்கிட்டே போகும். இப்படி நடுவுல குழி விழுந்தா அது சத்தத்துல அடிபட்ட காது" என்றாள். அந்தக் குழிக்கு ஏற்றபடி மெஷினுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு வயரைப் பிடுங்கினாள். வயர் போனதும் எல்லாம் போய்விடும் என்றுதான் நான் நினைத்தேன். அவள் உன் அப்பாவின் போனைக் கையில் எடுத்து ஆப்பைத் திறந்து விரலால் ஒரு தடவு தடவினாள், அங்கே அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். நடுவில் ஒன்றுமே இல்லை, வாலு. வெறும் காற்று. வீட்டுக்கு வந்த பிறகு தட்டு மோதும் சத்தம் ஊசி மாதிரி குத்துகிறது என்று இவர் சொன்னதும், அந்தப் பெண் கடையில் உட்கார்ந்தபடியே ஆப் வழியாகச் சரிசெய்தாள். நான் தட்டைத் தட்டிக்கொண்டே இருந்தேன், ஒரு நொடியில் அவர் முகச்சுளிப்பு விட்டுப்போனது. அவள் எங்கோ, நாங்கள் எங்கோ.

அன்று அவர் குளியலறைக்குப் போய்விட்டு வெளியே வந்து பேயறைந்த மாதிரி நின்றார். "ஏண்டி, இவ்வளவு வருஷமும் இந்தச் சத்தம் வெளிய உங்க எல்லாருக்கும் கேட்டுக்கிட்டா இருந்துச்சு?" என்றார். தெருவுக்கே கேட்டது என்றேன். இரண்டு நாள் பக்கத்து வீட்டுக்காரரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

உன் சித்தி விஷயம் உனக்கு வேறு மாதிரி வந்து சேர்ந்திருக்கும், அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அவள் போன் செய்தாள், உன் அப்பாவின் போனை நான் பின்கட்டில் எடுத்து ஹலோ ஹலோ என்கிறேன், எனக்கு ஒரு சத்தமும் இல்லை. போன் மெஷினோடு இணைந்திருந்தால் பேச்சு மெஷினுக்குத்தான் போகும் என்பதே எனக்கு அப்போது தெரியாது. அவளோ நான் கேட்கிறேன் என்று நினைத்து, "அந்தச் செவிட்டு மனுஷனோட எப்படித்தான் குடும்பம் நடத்துறியோ, நானா இருந்தா எப்பவோ கிளம்பியிருப்பேன்" என்று அளந்துகொண்டே போயிருக்கிறாள். முன்னறையில் செருப்புக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்த உன் அப்பாவின் தலைக்குள் அத்தனையும் கணீரென்று விழுந்திருக்கிறது. "நல்லாத்தான் நடத்துறா! நீ உன் குடும்பத்தைப் பாரு!" என்று அங்கிருந்தே ஒரு கத்தல். போனைத் தாண்டி அது அவளுக்கும் கேட்டுவிட்டது. இப்போது இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. நியாயம் அவர் பக்கம்தான்.

மெஷினில் இன்னொரு வித்தையும் இருக்கிறது. கூட்டத்தில் நாலு பேர் பேசினால் காது மெஷின் தடுமாறுமாம். அப்போது ஆப்பில் ஒன்றைத் தட்டிவிட்டு, பேசுகிறவர் முன்னால் போனை வைத்துவிட வேண்டும். போன் அவர் பேச்சைப் பிடித்து இவர் காதுக்கு அனுப்பும். வீட்டில் சோதித்துப் பார்த்தோம். போனை அடுப்பு மேடையில் வைத்துவிட்டு உன் அப்பா வாசலுக்குப் போய்விட்டார், நான் வாய்க்குள் முணுமுணுத்துப் பார்த்தேன், வாசலிலிருந்து பதில் வருகிறது. நடுவில் இரண்டு சுவர். பெரிய தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு நடுவில் போய் மறித்து நின்றேன், கொஞ்சம் கரகரத்ததாம், அவ்வளவுதான். என் பேச்சு என் உடம்பைத் தாண்டித்தானே போயிருக்க வேண்டும், எனக்கு ஒன்றுமே படவில்லையே என்று வெகுநேரம் கையைத் தடவிக்கொண்டு நின்றேன். நீ படித்தவள், உனக்கு இது சாதாரணம். எனக்கு இன்னும் ஆறவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உன் அப்பா வேலை செய்கிற தகர மூடித் தொழிற்சாலையில், தகரத்தை அடித்து வெட்டுகிற பிரஸ் கூடத்தைப் புதுப்பிக்கப் போகிறார்களாம். கூடத்து ஆட்களில் பாதிப் பேருக்குக் காது போய்விட்டது உனக்குத் தெரியும். அவர்களிடம் ஒரு காகிதத்தை நீட்டியிருக்கிறார்கள். என் காதுக் குறைவு வயதாலும் குடும்ப வழியாலும் வந்தது, வேலையால் வந்ததில்லை என்று கையெழுத்துப் போட்டால் ஓய்வு வரை பொட்டலம் கட்டும் பகுதியில் லேசான வேலை. போடாவிட்டால் புது மெஷின் வந்த அன்றைக்கு வீட்டுக்குப் போகலாம். குடும்ப வழி என்ற வார்த்தையைப் பார்த்ததும் எனக்குத் தலைக்கேறியது. அப்படியென்றால் நாளைக்கு நீயும் செவிடாவாய் என்று அவர் தன் கையால் எழுதிக் கொடுப்பதுதானே? ஆனாலும், மறைப்பானேன், போட்டுவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். உன் அப்பாவே பாதி மனதாக இருந்தார். இந்த வயதில் வேறெங்கே போவது, அதிலும் கேட்காத காதோடு?

பேச வருகிறவர்கள் காது கேட்கிற ஒருவரைக் கூட்டி வரலாம் என்றார்கள். அதனால் நானும் போனேன், ஒட்டகத்தின் மனைவியும் வந்தாள். ஒட்டகம் யாரென்று மறந்திருக்க மாட்டாய், உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடுவாரே, அந்த நெட்டை மனிதர். மேலாளர் அறையில் நீள மேஜை, மேலாளர், கம்பெனி வக்கீல், கம்பெனி டாக்டர், எங்கள் பக்கம் ஐந்தாறு பேர். பேசுவது கேட்க வேண்டும் என்று உன் அப்பா போனை மேஜை நடுவில் கவிழ்த்து வைத்தார். யாரும் அதைச் சட்டை செய்யவில்லை. காகிதத்தைப் படித்துக் காட்டினார்கள், இவர்கள் தயங்கினார்கள். கொஞ்சம் வெளியே இருங்கள், நாங்கள் கலந்து பேசிவிட்டுக் கூப்பிடுகிறோம் என்றார் மேலாளர். எழுந்து வந்து தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்தோம். கதவைச் சாத்திவிட்டார்கள்.

வேண்டுமென்றே போனை விட்டு வந்தாரா என்று நீ கேட்பாய். இல்லை, மறந்துவிட்டார். எனக்கு எப்படித் தெரியும் என்றால், உட்கார்ந்த சற்று நேரத்தில் எதிர்ச் சுவரைப் பார்த்து "சொல்லுங்க சார்" என்றார். ஒட்டகம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் அவசரமாக அவர் தொடையைக் கிள்ளினேன். அவர் என்னைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், கையை மெல்ல உயர்த்தி எல்லோரையும் அமர்த்தினார். பிறகு அவர் விரல்கள் ஓடத் தொடங்கின.

கூடத்தில் வாயால் பேசி எவனும் எதையும் கேட்டதில்லை, வாலு. அவர்களுக்கென்று ஒரு கைப்பேச்சு இருக்கிறது, நீ சின்ன வயதில் சாப்பாட்டுக்கு அழைக்க அதில் ஒன்றிரண்டு செய்வாய். கழுத்தில் முடிச்சுப் போடுகிற மாதிரி செய்தால் மேலாளர், காற்றில் பக்கம் புரட்டினால் வக்கீல், மணிக்கட்டைப் பிடித்தால் டாக்டர் என்று பிறகு சொன்னார். சாத்திய கதவுக்கு உள்ளே பேசுவது உன் அப்பாவின் காதுக்கு வருகிறது, அவர் கையிலிருந்து மற்றவர்களின் கண்ணுக்குப் போகிறது. ஒருவர் வாயும் அசையவில்லை. பெஞ்சு முழுக்க முகங்கள் மாறிக்கொண்டே வருகின்றன, ஒட்டகத்தின் சிரிப்பு பாதியிலேயே உறைந்துவிட்டது. நல்ல காது இருக்கிற நானும் ஒட்டகத்தின் மனைவியும்தான் ஒன்றும் விளங்காமல் விழித்துக்கொண்டிருந்தோம். "என்னக்கா இது, ஊமைப் படம் ஓட்டுறாங்களா?" என்று அவள் என் முழங்கையை இடித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தண்ணீர் பிடிக்க வந்த அலுவலகப் பெண் எங்களைத் தாண்டிப் போனாள், அவளுக்கு அங்கே யாரோ செவிடர்கள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

உள்ளே பேசியதை அப்புறம் அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். முதலில் மேலாளர் சிரித்திருக்கிறார். "வெளிய அனுப்பினதே வேஸ்ட், இவங்க முன்னாடியே பேசியிருக்கலாம்." வக்கீல் சிரிக்கவில்லை. "காதடைப்பான் குடுத்தீங்களான்னு கேப்பாங்க. குடுத்தீங்களா?" மேலாளர் சொன்ன பதிலை உன் அப்பா என்னிடம் ஒரே மூச்சில் சொன்னார், ஒரு வார்த்தை மாறவில்லை. "வந்துச்சு, பெட்டி பெட்டியா. நாங்கதான் குடுக்காம எடுத்து வெச்சிட்டோம். காதை அடைச்சுட்டா டை விரிசல் விடுற சத்தம் எவனுக்குத் தெரியும்? ஒரு டை போச்சுன்னா நஷ்டம் யாருக்கு? காதால கண்டுபிடிக்க ஆள் இருக்கும்போது சென்சார் எதுக்கு?" டை என்றால் தகரத்தை மூடியாக வெட்டுகிற இரும்பு அச்சு. அது உடைவதற்கு முன் அடிக்கிற சத்தம் மாறும். அதை முதலில் பிடிப்பவர் உன் அப்பா, அவர் கை சுவிட்சில் பட்டதும் மெஷின் நிற்கும். வீட்டுக்கு வந்து இன்றைக்கு ஒரு டையைக் காப்பாற்றிவிட்டேன் என்று பெருமையாகச் சொல்வாரே, நீயும் கைதட்டுவாயே. அந்தப் பெருமையை அவர்கள் மெஷினோடு சேர்த்து முடுக்கி வைத்திருக்கிறார்கள். உதிரிப் பாகம் தேய்ந்துவிட்டது, இப்போது கழற்றிப் போடுகிறார்கள். கடைசியாக டாக்டர், "அப்ப வயசுன்னு நான் எப்படி எழுதறது?" என்று கேட்டிருக்கிறார். "இவ்வளவு நாள் எப்படி எழுதினீங்களோ அப்படித்தான்" என்று மேலாளர். அதற்குப் பிறகு யாரோ தண்ணீர் குடித்து டம்ளரை வைத்த சத்தம் மட்டும் வந்ததாம்.

உள்ளே கூப்பிட்டார்கள். மேலாளர் வாயை அகலமாகத் திறந்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரி ஒவ்வொரு வார்த்தையாக, "என்ன... முடிவு... பண்ணினீங்க?" என்று கத்தினார். உன் அப்பா மேஜையிலிருந்து போனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "சாதாரணமாவே பேசுங்க சார். கதவைச் சாத்திக்கிட்டுப் பேசினீங்களே, அந்தச் சத்தமே எனக்குப் போதும்" என்றார். வக்கீலுக்குத்தான் முதலில் புரிந்தது. சட்டைப் பையைத் தேளைப் பார்ப்பது போல் பார்த்தார். "ரெக்கார்ட் பண்ணியா? இது ஒட்டுக்கேக்கறது, குத்தம்" என்று எழுந்தார். "இது எதையும் பிடிச்சு வெக்காது சார். கொண்டாந்து காதுல குடுத்துட்டுப் போயிடும்" என்றார் இவர். உள்ளதைச் சொல்லாமல் கொஞ்சம் பயமுறுத்தி வைத்திருக்கலாமே என்று எனக்குத் தோன்றியது, ஆனால் உன் அப்பாவுக்கு அது வராது. வக்கீல் மூச்சு விட்டுச் சாய்ந்தார். "அப்ப ஆதாரம் இல்ல." ஒட்டகம், தன் குரல் எவ்வளவு பெரியது என்று தெரியாத மனிதர், அறை அதிர, "ஆதாரம் கெடக்கட்டும், உங்க பேனாவை நீங்களே வெச்சுக்குங்க" என்று கையெழுத்துக்குக் கொடுத்திருந்த பேனாவை மேஜைமேல் உருட்டிவிட்டார். ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை.

மறுநாள் காலை தொழிற்சாலை வாசலில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. போனும், போனோடு இணைகிற எந்தக் கருவியும் உள்ளே கொண்டுபோகக் கூடாது, வாசலில் ஒப்படைக்க வேண்டும். அத்தனை ஆட்களில் போனோடு இணைகிற கருவி யாரிடம் இருக்கிறது? ஒரே ஒரு மனிதரிடம், அதுவும் காதில். காவலாளி நம் தெருக்காரர்தான், பிளாஸ்டிக் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு தலை குனிந்து நின்றாராம். இதுல என்னத்தப் போடணும் என்று உன் அப்பா கேட்டாராம். "போனு... அப்புறம் அதுவும்ணே" என்று காதைக் காட்டியிருக்கிறார். "கண்ணாடி போட்டிருக்கியே, அதைக் கழட்டித் தட்டுல போட்டுட்டு வாசலைக் காவல் காப்பியா?" என்றாராம் உன் அப்பா. பாவம், காவலாளிக்கும் பிள்ளை குட்டி இருக்கிறது. கோபம் அவர்மேல் இல்லை, காதைப் பிடுங்குகிறதை ஒரு விதி மாதிரி எழுதி ஒட்டிய கைமேல்.

உன் அப்பா தட்டிலும் போடவில்லை, உள்ளேயும் போகவில்லை. மதில் ஓரமாக நின்றுவிட்டார். யாரோ ஓடிவந்து சொல்ல, நான் அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். ஷிஃப்ட் தொடங்கும் நேரம். என்னைப் பார்த்ததும் முதல் காரியமாகக் காதைத் தொட்டுக் காட்டினார். "இதுல சார்ஜ் போயிடுச்சா பாரு. மதிலுக்கு இவ்வளவு பக்கத்துல நிக்கிறேன், கூடத்துச் சத்தமே காணோம்." நான் திரும்பிப் பார்த்தேன். ஒட்டகம் நின்றிருந்தார். கழற்றித் தட்டில் போடக் காதில் ஒன்றும் இல்லாத அத்தனை பேரும், கூடத்துக்காரர்கள், பொட்டலம் கட்டும் பெண்கள், காது நன்றாகக் கேட்கிற இளவட்டங்கள், எல்லோரும் வெளியேதான் நின்றிருந்தார்கள். "மெஷின் நல்லாத்தான் இருக்கு. உள்ள எதுவும் ஓடல" என்றேன். அவருக்குப் புரியவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். அவர் மதிலில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், எப்போதும் அதிர்கிற சுவர். வைத்த கையை எடுக்கவே இல்லை.

அன்றிலிருந்து வேலை நின்றிருக்கிறது. தினமும் போய் வாசலில் உட்கார்ந்துவிட்டு வருகிறார்கள். தொழிலாளர் அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து எல்லோரிடமும் கேட்டு எழுதிக்கொண்டு போனார், கடைப் பெண் அந்தக் குழி விழுந்த கோட்டைக் காட்ட வருவதாகச் சொல்லியிருக்கிறாள். கம்பெனி டாக்டர் லீவில் போய்விட்டாராம், பயந்தா வெட்கப்பட்டா என்று தெரியவில்லை. ஜெயிப்பார்களா? எனக்கு நம்பிக்கை ஒரு நாள் ஏறுகிறது, ஒரு நாள் இறங்குகிறது. பயமாகவும் இருக்கிறது, உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன். இதை எல்லாம் உன்னிடம் மூச்சு விடக் கூடாது என்று அவர் எனக்குக் கட்டளை போட்டிருக்கிறார். மெஷினை நீ அனுப்பப்போய்த்தான் வேலைக்கு ஆபத்து வந்தது என்று நீ மனதை வருத்திக்கொள்வாயாம். அப்படி நினைக்காதே. அது வராதிருந்தால் அன்று பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, தன் காது தன் வயதால் போனது என்று நம்பிக்கொண்டே மிச்ச காலத்தைக் கழித்திருப்பார். எனக்கு அதுதான் தாங்காது.

பணம் அனுப்புகிறேன் என்று கிளம்பாதே, நான் பள்ளிக்கூடப் பைகள் தைத்துக் கொடுக்கிறேன், அடுப்பு எரிகிறது. போன் செய்யும்போது வேலை எப்படிப் போகிறது என்று எப்போதும் போல அவரைக் கேள். நன்றாகப் போகிறது என்று பொய் சொல்வார், நம்புகிற மாதிரி கேட்டுக்கொள். நீ வேலை செய்கிற கிடங்கிலும் நாள் முழுக்க மெஷின் இரைச்சல் என்று சொன்னாயே, காதுக்கு அடைப்பான் கேட்டு வாங்கு. தரவில்லை என்றால் ஏன் தரவில்லை என்று கேள். சிரித்துக்கொண்டு விட்டுவிடாதே.

நீ நீண்ட நாள் நோய் நொடி இல்லாமல், யாருக்கும் தலை குனியாமல் இருக்க வேண்டும். படித்ததும் இதைக் கிழித்துப் போட்டுவிடு. இன்னும் எழுதியிருப்பேன், ஆனால் முன்னறையிலிருந்து உன் அப்பா, என்னவோ காகிதத்தில் கறுக் கறுக்கென்று சுரண்டுகிற சத்தம் கேக்குதே, என்னடி எழுதுற என்று கேட்கிறார். கடைக்குச் சாமான் எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். சாமான் எழுத இவ்வளவு நேரமா என்கிறார். எழுந்து வருகிறார்.

என்றும் உன் நினைவாக,
அம்மா